கையில்லாப் பிள்ளையும் கண்டி அரசனின் சப்பாத்தும்

கேள்வி: கண்டி இராச்சியக் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்த ஒரு பையன்தான் கதாநாயகன். மருத்துவமனையோ செயற்கைக் கையோ இல்லாத அந்தக் காலத்தில் அவன் பிழைத்து வளர்ந்திருப்பானா?
– கட்டுகஸ்தோட்டை வாசகி ஒருவர்

பதில்: தாராளமாக வளரவிடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே அவனைக் கொன்றுவிடத் தேவையில்லை.

இப்படிப் பிறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் விட்டுவைத்திருக்கவே மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி அரசனின் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் சிசுக்கொலை பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் காரணம் உடற்குறை இல்லை, பிறந்த நேரம். பிள்ளை பிறந்ததும் தகப்பன் சோதிடரிடம் போவான். நேரம் கெட்டது என்றால் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள், அல்லது அதே சாதியில் வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தோஷம் பெற்றோருக்கு மட்டும்தானாம், வளர்ப்பவர்களுக்கு இல்லையாம்! முழு உடலோடு பிறந்த பிள்ளைக்கும் இதே ஆபத்துதான். தலைப்பிள்ளைக்கு இந்தக் கதி மிக அரிது என்றும் நொக்ஸ் சொல்கிறார். ஆகவே உங்கள் பையன் தலைப்பிள்ளையாக, நல்ல ஓரையில் பிறக்கட்டும். கையில்லாப் பிறவியையே கெட்ட சகுனமாகச் சோதிடர் சொல்லிவிட்டால், வளர்ப்பு வீடு இருக்கிறது.

காலைக் கையாகப் பழக்குவது அபூர்வ வித்தை என்பது இன்னொரு தவறான எண்ணம். கையோ காலோ அறவே உருவாகாத பிறவிநிலைக்கு அமேலியா என்று பெயர். இதில் குறை கையில்தான், மூளையில் இல்லை. மூளையின் மேலுறையான புறணியில் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலானோருக்குக் கால்விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். கையின்றிப் பிறந்து காலால் ஓவியம் தீட்டும் இருவரை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கோ கைவிரல்களைப் போலவே கால்விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது. சிறுவயதிலிருந்தே புழங்கிய பழக்கம்தான் காரணம். ஜம்முவின் கிஷ்த்வாரில் கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காலால் வில் பிடித்து வெண்கலம் வென்றதும் அப்படித்தான்.

இதற்கு வேண்டியது வெறுங்காலும் எட்டும் உயரத்தில் சாமானும். கண்டியில் இரண்டும் இருந்தன. சப்பாத்துப் போடும் உரிமை அரசனுக்கு மட்டுமே என்கிறார் நொக்ஸ். ஊர் முழுக்க வெறுங்கால். பாயும் பானையும் சோறும் தரையில். சப்பாத்து இல்லாமல் நடமாட முடியாத குளிர்நாடான ஜெர்மனியிலேயே, கைகளின்றிப் பிறந்த தோமஸ் ஷ்வைக்கர் (1540–1602) காலால் அழகெழுத்து எழுதிப் பேர்பெற்றார்.

பையனுக்கு வேலையும் உண்டு. இரும்பு உருக்குகிறவர்கள் தோல் துருத்திகளை மாறிமாறிக் காலால் மிதித்துத்தான் ஊதினார்கள். முதுகு சாய ஒரு கட்டை கொடுத்தால் போதும். ராஜகாரியம், அதாவது நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்யும் ஊழியம், நிலப்பங்கோடு ஒட்டியது. அவன் முறையை வீட்டில் இன்னொருவர் செய்யலாம்.

சிக்கல்கள் வேறு. துணி உடுத்த, கழுவ, ஒருவர் துணை வேண்டும். தண்ணீர் குடிப்பது எளிது: எல்லோருமே பாத்திரத்தில் வாய்படாமல் அண்ணாந்து குடித்தவர்கள், அவனுக்கு யாராவது ஊற்றினால் போதும். ஆனால் மற்றவர்களுக்குக் காலில் முள் தைத்தால் நொண்டி நடப்பார்கள். இவனுக்கோ அன்றைக்குக் கையும் போயிற்று, காலும் போயிற்று. மழைக்காலக் காட்டு அட்டைகள் கடிப்பதும் அதே காலைத்தான். கண்டியின் புத்தர் கோயிலான தலதா மாளிகையில் காலால் பூ வைக்க யார் விடுவார்கள்? துறவியாகவும் முடியாது. கை இழந்தோருக்கும் கை முடங்கியோருக்கும் பிக்குகளின் ஒழுக்கநூலான விநயம் துறவு தர மறுக்கிறது.

ஒரு யோசனை சொல்கிறேன். பிள்ளையை மடியில் வைத்து ஊட்டி ஊட்டி அழும் தாய் எல்லா நாவலிலும் இருக்கிறாள். அவளோடு, சோற்றை அவன் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் பாட்டி ஒருத்தியையும் சேருங்கள். அவன் கால்விரல்களுக்கு மூளையில் இடம் பிடித்துக் கொடுத்தவள் அவளாகத்தான் இருப்பாள்.