அம்மியும் அமெரிக்கக் கல் ஈட்டியும்

உங்கள் வீட்டு அம்மியை இருட்டில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மேலேயிருந்து டார்ச் அடித்தால் வெறும் கல்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும், கொத்தின புள்ளி ஒவ்வொன்றும் நிழலோடு தனித்தனியாகத் தெரிந்தது! "ராத்திரியில அம்மிகிட்ட என்னடா வேலை?" என்று பாட்டி கேட்டாங்க. "ஆராய்ச்சி" என்றேன். நம்பவில்லை.

ஆனால் நிஜமாகவே பழைய கல் கருவிகளை இப்படித்தான் ஆராய்கிறார்கள். கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றிப் படம் எடுப்பார்கள். கணினி எல்லாவற்றையும் சேர்த்துவிடும். பிறகு மவுஸை நகர்த்தினால் திரையில் வெளிச்சம் நகரும். டாம் மால்ஸ்பெண்டரும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட முறை இது. லேசர் கதிரால் மேடு பள்ளத்தை அளந்து முப்பரிமாண உருவம் எடுப்பது இன்னொரு முறை.

வட அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பழங்குடி மக்கள் செய்த ஈட்டிமுனைகளுக்குக் குளோவிஸ் முனை என்று பெயர். நியூ மெக்சிகோவில் குளோவிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். கல்லைத் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்துச் செய்தவை. சில்லு போன இடத்தில் தழும்பு நிற்கும். அடியிலிருந்து நடுவில் ஏறும் நீளப் பள்ளம்தான் ரொம்பக் கஷ்டம், பாதியில் உடைந்துவிடும்.

2012-இல் சப்ரினா ஷோல்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் தழும்புகளை லேசர் கொண்டு அளந்தார்கள். வெகுதூரம் தள்ளித் தள்ளிக் கிடைத்த முனைகளிலும் தழும்பு அமைப்பு ஒத்துப்போனது. இந்தக் காலத்தில் ஒரு கைதேர்ந்தவர் செய்த நகல்கள்தான் வேறுபட்டன! கண்ணுக்கு அச்சு அசல் அதேதான், தட்டின விதம் வேறு. அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துக் கற்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

1968-இல் மொன்டானாவில் குளோவிஸ் கருவிகளோடு ஒரு குழந்தையின் எலும்புகளும் கிடைத்தன. 2014-இல் அந்த எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்தார்கள். 'ஐயோ, இனிமேல் எப்படி ஆராய்வது?' என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், அது அவர்கள் வீட்டுப் பிள்ளை ஆச்சே என்று பட்டது. கல்லறைப் பொருள்களைத் திரும்பக் கேட்க அங்கே 1990-இலிருந்து சட்டம் இருக்கிறது. பொருள் திரும்பிப் போனாலும் படத்தை வைத்து ஆராயலாம். அந்தப் படத்தை யாருக்குக் காட்டலாம் என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

டார்ச் சோதனை செய்பவர்கள் ஜன்னலை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். அம்மியை முதலில் கழுவித் துடைத்துவிடுங்கள், மிளகாய் கண்ணில் பட்டால் எரியும்!