நெடுநடையும் மழைக்கோட்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

மழைக்கோட்டு வாங்குவதற்கும் ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிப்பது எங்கள் காதில் விழுகிறது. நாங்களும் முன்பு அப்படித்தான் சிரித்தோம். தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்கு முதுகில் மூட்டையைச் சுமந்து நான்கு நாள் நடந்து சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஆகஸ்டு 29இல் கொடியேற்றம், செப்டம்பர் 8இல் திருவிழா. அதையொட்டிக் காவி உடுத்தி நடக்கும் பெருங்கூட்டத்தில் கடந்த ஆண்டு எங்கள் வகுப்பினர் ஐவரும், சிஸ்டர்கள் இருவரும், அம்மாமார் மூவரும் இருந்தோம். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் என்று சுமார் 90 கிலோமீட்டர் வழி. நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசியில்தான். ஆயினும் ஆவணி மாதத்தில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியுடன் மழை கொட்டுவதுண்டு. ஒரு மணி நேரம் கொட்டும்; நின்றதும் பழையபடி புழுக்கம். ஆகவே நாம் தேட வேண்டியது குளிருக்கான மழை உடை அன்று, வெக்கைக்கான மழை உடை. இந்த ஒன்றை நாங்கள் முன்பே எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாள் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டோம்.

ஐவரும் ஐந்து விதமாகப் புறப்பட்டிருந்தோம். ஒருத்தி அப்பா ஸ்கூட்டரில் போகும்போது அணியும் கனத்த கோட்டை எடுத்து வந்தாள். ஒருத்திக்கு வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய விலையுயர்ந்த மழைச்சட்டை. ஒருத்தியிடம் குடை. ஒருத்தியிடம் தலைவழியே மாட்டிக்கொள்ளும் பான்சோ. கடைசி ஆள் மேசை விரிப்புக்கு வாங்கிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வந்தாள். (அவளைத்தான் எல்லாரும் அதிகமாகக் கேலி செய்தோம்.) மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது ஸ்கூட்டர் கோட்டு 1 கிலோ 100 கிராம், பான்சோ 350 கிராம் இருந்தன. முக்கால் கிலோ வேறுபாடு பெரிதா என்று கேட்பவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நீடாமங்கலம் வரை வந்து பார்க்கட்டும்.

ஸ்கூட்டர் கோட்டுக்காரி தன் தாயாருக்காக நடந்தாள். அந்த அம்மா அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார்கள். தாம் வர இயலாததால் மாதாவுக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதி மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் வந்து தன் நடை தடைபடக் கூடாதே என்ற பயத்தில் அவள் முதல் தூறலிலேயே கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். அம்மாப்பேட்டையைத் தாண்டி அரை மணி நேரம் நடந்திருப்போம். தலை சுற்றுகிறது என்று மதகுக் கட்டையில் உட்கார்ந்தவள் வாந்தி எடுத்துவிட்டாள். சிஸ்டர் கோட்டைக் கழற்றியபோது உள்ளே சட்டை பிழிந்தெடுக்கலாம் போல் நனைந்திருந்தது. கோட்டு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவ்வளவும் வியர்வை! வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "ஏம் பாப்பா, இந்த வேக்காட்டுல இதப் போயி மாட்டிக்கிட்டு நடந்தா மயக்கம் வராம என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்தபின்தான் அவள் முகம் தெளிந்தது.

காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மூட்டையுடன் நடக்கும் உடலுக்கு இதுதான் விசிறி. காற்றுப் புகாத கோட்டு அந்த விசிறியை நிறுத்திவிடுகிறது. கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கிடையே ரப்பரை ஒட்டி மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாள் தொட்டு மழைக்கோட்டுக்கு இருக்கும் குறை இதுவே.

அப்படியானால் சித்தப்பா அனுப்பிய சட்டை? 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் ஒரு வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலமாக்கினார். மழைத்துளி அதில் நுழையாது, நீராவி வெளியேறிவிடும். கேட்பதற்கு அதிசயமாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஈரம் மிகுந்து வெளியே குறைந்திருந்தால்தான் நீராவி வெளியே போகும். 35 டிகிரியில் நிறைவுற்ற காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 40 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும். 5 டிகிரிக் குளிரில் அது 7 கிராம்தான். ஆகவே குளிர்நாட்டு மழையில் உள்ளுக்கும் வெளிக்கும் 33 கிராம் வேறுபாடு. சட்டை நன்றாக மூச்சுவிடும். நம் ஆவணி மழையில் வெளியே 28 டிகிரி என்றால் அந்தக் காற்றிலேயே 27 கிராம் இருக்கிறது. வேறுபாடு வெறும் 13! எங்கள் தோழி அந்தச் சட்டைக்குள்ளும் நனைந்துதான் வந்தாள், கோட்டுக்காரியைவிடக் கொஞ்சம் குறைவாக. சட்டை நல்லதுதான், ஊர்தான் வேறு. மேற்கு மலைகளுக்குப் போவோர் அதை மகிழ்ச்சியுடன் வாங்கலாம். அங்கே ஈரத்தோடு குளிர்காற்றும் சேர்ந்தால் உடல் நடுங்கி ஆபத்தாகிவிடும் என்பதால் எங்கள் தீர்ப்பு மலைக்குப் பொருந்தாது.

சமவெளிக்கு எது? பான்சோதான் என்பது எங்கள் கட்சி. மூட்டையையும் சேர்த்து மூடுகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உள்ளே வந்து போகிறது. அந்த வயலில் களை பறித்தவர்கள் உரச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளிக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்ததைப் பார்த்தோம். முதுகு நனையவில்லை, முன்புறம் திறப்பு, இரு கைகளுக்கும் வேலை செய்ய இடம். பான்சோவும் வேறில்லை. மேசை விரிப்புக்காரி உடனே தன் தாளைக் கொங்காணியாக்கிக்கொண்டாள்; நாங்கள் கேலியை நிறுத்தினோம். பேருந்து உரசிப் போகும்போது பான்சோ பாய்மரம் போல் உப்பும் என்பது மெய்யே. இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டால் அடங்கும். நீளம் முழங்காலோடு நிற்கட்டும். கணுக்கால்வரை தொங்கினால் கால் வைக்கும் இடம் தெரியாது.

குடையைப் பழிக்க மாட்டோம். பகல் வெயிலுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் இடி இடிக்கும்போது குடையோ பான்சோவோ எதுவும் காப்பாற்றாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் ஓசை கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது தையலைப் பாருங்கள். துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊசித் துளை வழியே நீர் இறங்கும். உட்புறத்தில் தையலின் மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு குவளை நீரைத் தையலின் மேல் தேக்கி, பத்து நிமிடம் கழித்து அடியில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூட்டையின் வார் அழுத்தும் தோள்பகுதியில்தான் முதலில் ஒழுகும் என்பதால் அங்கே இருமுறை சோதிக்கவும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். நம் சீருடைக் கருநீலம் மழை இருட்டில் லாரி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் பெரிய பிழை உடையில் இல்லை, மூட்டையில் இருந்தது. மூட்டைக்கு மேலுறை போட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். முதுகுக்கும் பைக்கும் இடையே வழியும் நீரை மேலுறை தடுக்காது. அடியில் தேங்கி உள்ளே ஊறும். இதற்கு உள்ளுறைதான் மருந்து. புதுக் கம்பளி வாங்கும்போது வரும் கெட்டிப் பாலிதீன் பையைப் பைக்குள் விரித்து, பொருள்களை அதில் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். மெல்லிய கடைப் பைகள் 2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. இருந்தாலும் இதற்கு உதவா.

இதை நாங்கள் அறிந்தது இரண்டாம் நாள் மாலை, கொரடாச்சேரிக்கு அருகில். கோட்டுக்காரியின் பையில் மாற்றுத் துணி எல்லாம் ஊறிப் போயிருந்தது. அடியில் வைத்திருந்த அவள் தாயாரின் கடிதத்தில் பேனா மை கரைந்து, தாள் முழுதும் ஒரே நீலமாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழக்கூட இல்லை.

சிஸ்டர் தம் கைபேசியில் அவள் வீட்டுக்கு அழைத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக மறுபடி சொன்னார்கள். நாங்கள் நால்வரும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். அவள் இந்த முறை பென்சிலால் எழுதினாள்.