பராமரிப்பு நிறுவனத்துக்கு மென்பொருள்: முதலில் அமைப்பைத் தாளில் வரையுங்கள்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதத்தினர். அதன் பின்னர் இத்தொகை மேலும் கூடியுள்ளது. பிள்ளைகள் தொழிலுக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, வயோதிபர்களின் வீடுகளுக்குத் தாதியரையும் உதவியாளரையும் அனுப்பும் சேவை ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. பாமசி, ஆய்வுகூடம் நடத்தும் நமது வியாபாரிகள் சிலரும் இதில் நாட்டம் காட்டுகின்றனர்.

இத்தொழிலுக்கெனத் தயாரிக்கப்பட்ட கணனி மென்பொருள்கள் உள்ளன. அவற்றை வாங்கியதும் பலர் செய்வது ஊழியர்களின் பெயர்களைப் பதியத் தொடங்குவதுதான். இது தலைகீழான வழி. முதலில் பதிய வேண்டியது நிறுவனத்தின் அமைப்பு. யார் எதைப் பார்க்கலாம், யார் அனுமதி வழங்கலாம், எந்தச் செலவு எந்தக் கிளையைச் சேரும் என்ற மூன்றையும் அந்த அமைப்பே தீர்மானிக்கிறது.

கொழும்பில் தலைமையகமும் கண்டியில் கிளையும் கொண்ட ஒரு நிறுவனத்தை உதாரணமாகக் கொள்வோம்.

1. நிறுவனம்: மேல்மட்டத்தில் சட்டப்படி பதிவுபெற்ற நிறுவனம் இருக்க வேண்டும். பாமசி பங்குடைமையாகவும் பராமரிப்புச் சேவை தனியார் கம்பனியாகவும் இருந்தால், முதலாளி ஒருவரேயானாலும் அவை இரண்டு நிறுவனங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் தொழில் வழங்குநரின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பதிந்தால் இக்கணக்குகள் கலந்துவிடும்.

2. கிளை: தனியான கடமைப் பட்டியலும் வரவு செலவும் உள்ள இடமே கிளை. நோயாளியின் வீடு கிளையல்ல, அது சேவை வழங்கும் முகவரி மாத்திரமே. கொழும்புத் தாதி ஒருவர் கண்டியில் இரண்டு நாள் வேலை செய்தால், அவரது சொந்தக் கிளையை மாற்ற வேண்டாம். அந்த இரண்டு நாள் செலவை மட்டும் கண்டிக்கு எழுதுங்கள்.

3. பிரிவு: பராமரிப்பு, கணக்கு, ஆளணி ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் ஏழு படிகள் தேவையில்லை.

4. பதவி: அதிகாரத்தை ஆளுக்கு வழங்காமல் பதவிக்கு வழங்குங்கள். மேற்பார்வைத் தாதி விலகினால், புதியவரை அப்பதவியில் அமர்த்தியதும் பொறுப்புகள் தாமாகவே அவரைச் சேரும். சிறு நிறுவனத்தில் ஒருவர் இரு பதவிகளை வகிக்கலாம். ஆனால் கொடுப்பனவைத் தயாரிப்பவரும் அதை அங்கீகரிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

5. பார்வை உரிமை: உதவியாளருக்குத் தன் பொறுப்பிலுள்ள நோயாளியின் விபரம் போதும். கணக்காளருக்கு வேலை நேரமும் பில்லும் போதும், நோயின் விபரம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல்களை விசேட வகையில் சேர்த்துள்ளது. ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பாவிக்கும் வழக்கம் பெரும் ஆபத்தானது. ஒரு நோயாளிக்கு இரண்டு முறை மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், யார் கொடுத்தார் என்பதைக் கண்டறிய முடியாமல் போகும்.

நமது குடும்ப வியாபாரங்களில் எல்லாமே முதலாளியிடம் வந்து சேர்வது வழக்கம். கடையில் இது சமாளிக்கக் கூடியது. பராமரிப்பில் அப்படியல்ல. சனிக்கிழமை இரவு கண்டியில் உதவியாளர் கடமைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு சரியாக இருந்தால் மென்பொருள் கண்டி மேற்பார்வையாளருக்கும், அவர் லீவு என்றால் பதில் கடமை பார்ப்பவருக்கும் அறிவிக்கும். அனைத்தையும் முதலாளியின் பெயரில் பதிந்திருந்தால் அவரது தொலைபேசி மட்டுமே ஒலிக்கும். அவர் விமானத்தில் இருந்தால், படுக்கையிலுள்ள நோயாளி காலைவரை தனியே கிடப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூடப்பட்ட கிளையையோ விலகிய ஊழியரையோ அழித்துவிடாதீர்கள். முடிவுத் திகதியை மட்டும் இடுங்கள். பின்னாளில் ஒரு முறைப்பாடு வந்தால் பழைய பதிவுகளே உங்களுக்குச் சாட்சி.

ஆகவே, மென்பொருள் விற்பவரை அழைப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நிறுவனம், கிளை, பிரிவு, பதவி என்று வரையுங்கள். ஒவ்வொரு பதவியின் எதிரேயும் அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் இல்லாதபோது யார் என்பதை எழுதுங்கள். வெற்றிடம் எங்கே இருக்கிறதோ, உங்கள் தொழிலின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாளிலேயே திருத்திக்கொள்வது இலகு.