சிவிடி கியர்பெட்டியின் எண்ணெயும் வெப்பமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

படிப்படியான கியர்கள் இன்றி, வேக விகிதத்தை இடையறாது மாற்றிக்கொண்டே செல்லும் தானியங்கிக் கியர்பெட்டி சிவிடி எனப்படுகிறது. எதிரெதிரே அமைந்த கூம்புத் தட்டுகளைக் கொண்ட இரு புல்லிகளும், அவற்றைச் சுற்றி ஓடும் பெல்ட்டும் இதன் உயிர்நிலை. தட்டுகள் நெருங்கும்போது பெல்ட் விளிம்பை நோக்கி ஏறுகிறது, விலகும்போது மையத்தை நோக்கி இறங்குகிறது, இந்த ஏற்ற இறக்கமே விகித மாற்றமாகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய காரில் இருந்த ரப்பர் பெல்ட் எண்ணெயே இல்லாமல் உலர்ந்த நிலையில் ஓடியது. 1987இல் சுபாரு ஜஸ்டி போன்ற கார்களில் எஃகுப் பெல்ட் இடம்பெற்றபோதோ, அது எண்ணெயில் நனைந்தபடி ஓட வேண்டியதாயிற்று. எண்ணெயும் அந்தக் கியர்பெட்டியின் ஓர் உறுப்பாகிவிட்டது. இதை உணராததிலிருந்தே கீழ்க்காணும் நம்பிக்கைகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

நம்பிக்கை 1: சிவிடி எண்ணெய் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது, மாற்ற வேண்டியதே இல்லை.

உண்மை: தாங்கிகளில் உராய்வைக் குறைப்பது, அழுத்தத்தின் மூலம் தட்டுகளை இறுக்குவது, வெப்பத்தைச் சுமந்து செல்வது, பெல்ட்டுக்கும் தட்டுக்கும் இடையே பிடிமானம் தருவது என நான்கு வேலைகளை ஒரே எண்ணெய் செய்கிறது. ஓரிடத்தில் வழுக்கவும் மற்றோரிடத்தில் பிடிக்கவும் உதவும் இந்த இரட்டைத் தன்மை அதில் கலந்துள்ள சேர்க்கைப் பொருள்களால் வருவது. அவை வெப்பத்தால் சிதைகின்றன, எண்ணெயின் பாகுத்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகளும் உலோகங்களுக்கிடையே நசுங்கி அறுபடுகின்றன. நிஸ்ஸானின் பல மாதிரிகளில் கியர்பெட்டியின் கணினியே எண்ணெயின் சிதைவை ஓர் எண்ணாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. அந்த எண் 210000ஐத் தாண்டினால் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது பழுதுபார்ப்புக் கையேட்டின் விதி. சிதையாத எண்ணெய்க்கு இப்படியொரு கணக்கு தேவைப்பட்டிருக்காது.

நம்பிக்கை 2: டாஷ்போர்டில் வெப்பமுள் நடுவில் நின்றால் கியர்பெட்டியும் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

உண்மை: அந்த முள் காட்டுவது எஞ்சினின் கூலன்ட் வெப்பத்தை மட்டுமே, கியர்பெட்டி எண்ணெயின் வெப்பத்தை அது அறியாது. மலைப்பாதையில் முழுச் சுமையோடு நெடுநேரம் ஏறும்போதும், கோடைவெயிலில் நெரிசலுக்குள் ஊர்ந்து செல்லும்போதும், எஞ்சின் இயல்பாக இருக்க, கியர்பெட்டி எண்ணெய் அளவுமீறிச் சூடாகக்கூடும். அப்போது கணினி எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்துவதால் கார் திடீரெனச் சோர்ந்துபோனதுபோல் தோன்றும். பல கார்களில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் வெப்பமாற்றிக்குள் எஞ்சின் கூலன்ட்டே ஓடுவதால், ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கும் கூலன்ட்டைவிட எண்ணெய் அதனுள் குளிர முடியாது. ஆகவே கூலன்ட்டைப் பராமரிப்பதும் சிவிடி பராமரிப்பின் ஒரு பகுதியே; வெப்பமாற்றி உள்ளே அரித்துக் கசிந்தால் கூலன்ட் எண்ணெயோடு கலந்து அதைப் பால்போலக் கலங்கச் செய்து, கியர்பெட்டியையே பாழாக்கிவிடும். அதே வெப்பமாற்றி காலை நேரத்தில் எண்ணெயை விரைவாகச் சூடாக்கவும் பயன்படுகிறது, ஏனெனில் குளிர்ந்து தடித்த எண்ணெயும் கேடுதான்; எனவே எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது என்று எண்ணிக் கூடுதல் கூலரைப் பொருத்துவது எல்லோருக்கும் உரிய தீர்வாகாது.

நம்பிக்கை 3: ஆட்டோமேட்டிக் காருக்கான எந்த எண்ணெயும் சிவிடிக்குப் பொருந்தும்.

உண்மை: வழக்கமான தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய், அதிலுள்ள கிளட்ச் தட்டுகள் அதிர்வின்றி மென்மையாகப் பற்றுவதற்கென வடிவமைக்கப்பட்டது, எஃகும் எஃகும் சந்திக்கும் இடத்தில் சிவிடிக்குத் தேவையான பிடிமானம் அதில் இல்லாததால், பெல்ட் வழுக்கித் தட்டின் மேற்பரப்பைக் கீறிவிடும். நிஸ்ஸானுக்கு என்எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணெயைத் தனித்துக் குறிப்பிடுவது இதனால்தான். டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களிலுள்ள இ-சிவிடியில் பெல்ட்டே கிடையாது. கோள்பற்சக்கரத் தொகுதியும் மின்மோட்டார்களும் கொண்ட அது பெயரால் மட்டுமே சிவிடி என்பதால் அதற்குரிய எண்ணெயும் வேறு.

நம்பிக்கை 4: எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு, நிறம் நன்றாக இருந்தால் எண்ணெயும் நன்று.

உண்மை: அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெயைச் சுழலும் உறுப்புகள் அடித்து நுரையாக்குகின்றன, நுரை அழுத்தத்தைத் தாங்காது, வெப்பத்தையும் சுமக்காது. டிப்ஸ்டிக் இல்லாத பல கார்களில் அளவைச் சரிபார்க்கும் முறையே இதன் நுட்பத்தைக் காட்டுகிறது: காரைச் சமதளமாக உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையை, பல நிஸ்ஸான் மாதிரிகளில் 35 முதல் 45 டிகிரியை, எட்டும்போது அடிப்பகுதியின் வழிவுத்துளையைத் திறக்கிறார்கள், தாரையாக வழியும் எண்ணெய் சொட்டாக மெலியும் கணமே சரியான அளவு. நிறமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் சாயம் மட்டுமே. அதைவிட, எண்ணெய்த் தட்டிலுள்ள காந்தங்கள் உண்மையைச் சொல்லும்: மாவுபோன்ற மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம், விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் பெல்ட்டோ தாங்கியோ சேதமுற்றதன் அடையாளம்.

நம்பிக்கை 5: நெடுநாள் மாற்றாத காரில் எண்ணெயை மாற்றினால் கியர்பெட்டி செத்துவிடும்.

உண்மை: கியர்பெட்டி அதிரத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக எண்ணெயை மாற்றும்போது, ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதத்தின் பழி புதிய எண்ணெயின்மீது விழுகிறது, கீறல் விழுந்த தட்டை எந்த எண்ணெயாலும் குணப்படுத்த முடியாது. கீழ்த்துளை வழியே வடிக்கும்போது பழைய எண்ணெயின் ஒரு பகுதி, எஞ்சினின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுவதால், நெடுநாள் கவனிக்கப்படாத காரில் சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து நிரப்புவது மென்மையான வழி.

வெயிலும் நெரிசலும் மலையேற்றமும் மிகுந்த ஓட்டத்தைப் பல கையேடுகள் கடுமையான பயன்பாடு என்று தனியே வகைப்படுத்தி, அதற்குக் குறுகிய பராமரிப்பு இடைவெளியைத் தருகின்றன. நம் நகரங்களில் ஓடும் கார்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேரும். ஆகவே சிவிடி கார் வைத்திருப்போர் கையேட்டின் அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் படித்து, தம் ஓட்டத்துக்குரிய அட்டவணை எது என்று அறிந்து, அடுத்த சர்வீஸின்போது எண்ணெயின் பெயரையும் அளவையும் தாமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.