குறையைச் சொல்லி விற்றால் கடை நட்டப்படுமா?

 

நமது கடையிலுள்ள ஒரு பொருளின் சிறப்பு என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் பத்துச் சொல்லிவிடுவோம். அதன் குறை என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். இந்தப் பழக்கம் எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யாழ்ப்பாண நகரில் கெமரா விற்கும் சிறிய கடை என்னுடையது. 2022ஆம் ஆண்டு ஒரு டொலரின் பெறுமதி 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாயையும் தாண்டியபோது, புதுக் கெமரா வாங்கும் எண்ணத்தைப் பலர் கைவிட்டனர். பாவித்த கெமராக்களுக்கு மவுசு கூடியது. மறு வருடம் அளவெட்டியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கலியாண வீடுகளில் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். நிகோன் டி3500 என்ற, தொழிலைத் தொடங்குவோர் வாங்கும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா ஒன்றைத் தெரிவு செய்தார். மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய லென்ஸ் வேண்டும் என்றார். என்னிடம் நெடுநாள் விற்காமல் கிடந்த பழைய 50 மில்லிமீற்றர் எப்1.8டி லென்ஸ் ஒன்று இருந்தது.

“இது இந்தக் கெமராவுக்குப் பொருந்துமா நானா?” என்று கேட்டார். “பொருந்தும் தம்பி” என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கெமராவின் உடலிலுள்ள மோட்டார்தான் அதைச் சுழற்றிக் குவியப்படுத்த வேண்டும். டி3500 கெமராவின் உடலிலும் மோட்டார் இல்லை. ஆகவே லென்ஸ் பூட்டும், படமும் எடுக்கும், ஆனால் கையால் திருகித்தான் போகஸ் பண்ண வேண்டும். இது எனக்குத் தெரியும். பழைய சரக்கு போகட்டும் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கலியாணம். அதற்கடுத்த நாள் தம்பி கடை வாசலில் நின்றார்.

“லென்ஸ் தானாப் போகஸ் எடுக்குதில்லை நானா. தாலி கட்டின படமே தெளிவில்லை. பொம்பிளை வீட்டுக்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே!”

லென்ஸைத் திருப்பி எடுத்து, மோட்டார் உள்ள 50 மில்லிமீற்றர் எப்1.8ஜி லென்ஸை வாங்கிய விலைக்கே கொடுத்தேன். ஆனால் தாலி கட்டிய அந்த நிமிடத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல்லாண்டுகளின் பின் திரும்பி வந்து கடை திறந்த சமூகம் நாங்கள். அயலூர்ப் பிள்ளைகள் நம்மீது வைக்கும் நம்பிக்கைதான் நமது முதல். அதில் நான் கை வைத்துவிட்டேன் என்பது அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அதன்பின் ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டேன். டி3500 வாங்கிய ஒவ்வொருவரிடமும் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டு எழுதினேன்.

பிடித்தவை:

1. பாரம் குறைவு. உடல் மட்டும் 365 கிராம்தான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது.

2. பெட்டரி. நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு சார்ஜில் ஏறத்தாழ 1,550 படங்கள்.

3. 24 மெகாபிக்சல் படம். கலியாண அல்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

4. புதியவர்களுக்குத் திரையிலேயே படிப்படியாக வழிசொல்லும் வசதி.

பிடிக்காதவை:

1. உடலில் போகஸ் மோட்டார் இல்லை. பழைய லென்ஸ்கள் பல தானாகக் குவியா.

2. வெளி மைக் செருக இடமில்லை. தவிலுக்குத் தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வரத்துக்கு என்.கே. பத்மநாதனும் பெயர் சேர்த்த ஊர் அளவெட்டி. அங்கே மேளக் கச்சேரியை வீடியோ எடுப்பவருக்கு இது பெரிய குறை.

3. திரை அசையாது. சனக்கூட்டத்துக்கு மேலாகத் தூக்கிப் பிடித்து எடுக்கும்போது என்ன விழுகிறது என்று பார்ப்பது கடினம்.

4. மெமரி கார்ட்டுக்கு ஓர் இடம் மட்டுமே. அந்தக் கார்ட் பழுதானால் முழு வைபவமும் போய்விடும்.

5. புளூடூத் உண்டு, வைபை இல்லை. தொலைபேசிக்குத் தானாகப் போவது 2 மெகாபிக்சல் சிறிய பிரதிகளே.

இந்தக் கொப்பி எனக்கு இரண்டு உண்மைகளைக் காட்டியது. முதலாவது, இவை பழுதுகள் அல்ல. 2018இல் இந்தக் கெமராவை வெளியிட்டபோது விலையைக் குறைப்பதற்காகச் சில வசதிகளை நிறுவனம் விட்டுவிட்டது. அதை ஒளிக்கவும் இல்லை. ஒளித்தவன் கடைக்காரனாகிய நான். இரண்டாவது, ஒருவருக்குப் பெருங்குறையாக இருப்பது இன்னொருவருக்குக் குறையே அல்ல. தன் பிள்ளைகளைப் படம் எடுக்க வாங்கிய ஆசிரியை ஒருவர் மைக்கையும் தேடவில்லை, மோட்டாரையும் தேடவில்லை. ஆகவே, விலையைச் சொல்லுமுன் வாங்குபவரின் வேலை என்ன என்று கேட்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவத்தை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைக்காதே என்பதே போதனை. நான் விற்ற லென்ஸும் அடியில் ஈரமான குவியல்தான்.

இப்போது என் கடையில் நான்கு விடயங்கள் வழக்கம்:

1. என்ன வேலைக்கு என்று முதலில் கேட்பது.

2. அந்த வேலைக்கு இடைஞ்சலாகும் குறையைப் பணம் வாங்குமுன் சொல்வது.

3. பாவித்த கெமராவாயின், ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்பதைப் படக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுவது.

4. வாங்கும் லென்ஸைக் கடையிலேயே பூட்டி, அவரையே படம் எடுத்துப் பார்க்கச் சொல்வது.

இதனால் சிலர் வாங்காமலே போனார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் திரும்பி வரும் சாமானும், வாசலில் வரும் சச்சரவும் குறைந்தன. சில மாதங்களின் பின் அந்த அளவெட்டித் தம்பியே தன் நண்பர் ஒருவரைக் கூட்டி வந்தார். “நானாட்டக் கேள். குறையையும் சேர்த்துச் சொல்லுவார்” என்றார். என் கடைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை.

சகோதரர்களே! நீங்கள் விற்பது சாயம் போகும் துணியாக இருக்கலாம், மின்சாரம் கூடுதலாக இழுக்கும் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கலாம். நீங்களும் ஒரு கொப்பியின் நடுவில் கோடு போடுங்கள். வலப்பக்கம் எழுதும் குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால் அது நேர்மை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் அது வஞ்சனை. நமது வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.