பழைய கணிப்பொறி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருவர் எழுதியது)



வீட்டிலுள்ள தையல் இயந்திரம் ஓடாமற் போனால் அதனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார் எவருமில்லை. எண்ணெய் விடுவோம், பெல்ட்டை மாற்றுவோம், பாட்டி தைத்த இயந்திரத்திலேயே பேத்தியும் தைப்பாள். ஆனால் கணிப்பொறி என்று வந்துவிட்டால் நம் பேச்சே வேறாகி விடுகிறது. “பழசாகி விட்டது, இனி உதவாது” என்ற ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி விடுகிறோம். இத்தீர்ப்பு எப்பொழுது சரி, எப்பொழுது தவறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறி இரண்டு விதமாக மூப்படைகிறது. ஒன்று, உறுப்புகள் தேய்வது. மற்றொன்று, உறுப்புகள் நன்றாகவே இருக்க, அவற்றின்மேல் நாம் ஏற்றும் மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போவது. முன்னது மூட்டுவலி போன்றது. பின்னது, வயதான தந்தையின் தோளில் ஆண்டுதோறும் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போன்றது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கடைக்குப் போகிறவர், தேவையற்ற ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு வருவார்.

மேசைக் கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் அசையக்கூடிய பொருள்கள் மிகச் சிலவே. காற்றாடிகள், ஹார்டு டிஸ்க், டி.வி.டி. தட்டு போடும் பெட்டி, அவ்வளவுதான். மூளை எனப்படும் செயலியில் அசையும் பகுதி எதுவும் இல்லை. அது கெட்டுப் போவது மிக அரிது. (எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது என்னை வியப்பில் ஆழ்த்தியது செயலியன்று, அதன்மேல் கம்பளம் போல் படிந்திருந்த தூசிதான்.)

ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே சேமித்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க் இலட்சக்கணக்கான மடங்கு சேமிக்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை; தட்டு சுழலவேண்டும், ஒரு முனை அதன்மேல் நகர்ந்து உரிய இடத்தைத் தேடவேண்டும். சாதாரணமாக மேசைக் கணிப்பொறியின் டிஸ்க் நிமிடத்திற்கு 7200 சுற்றுகள் சுழலும், அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி நொடி. நாம் தேடும் இடம் முனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் இதற்கு மேலும் சேரும். இது அற்பமான நேரந்தானே எனத் தோன்றலாம். ஆனால் கணிப்பொறி துவங்கும்போது அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பில் சுழலும் தட்டே இல்லை. அங்கே ஒரு கோப்பைத் தொட மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு போதுமானது. ஆகவே “மெதுவாக இருக்கிறது” என்று நாம் குறை கூறும் பழைய கணிப்பொறிகளில் பலவற்றுக்கு மூளையில் குறையில்லை. புத்தக அலமாரியிலிருந்து நூலை எடுத்து வருபவர்தான் தள்ளாடுகிறார்.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகக் கூறி விடுகிறேன். ராம் என்பது வேலை செய்யும் மேசை போன்றது. மேசை சிறிதாயின் ஒன்றை எடுத்து வைத்துத்தான் மற்றொன்றை விரிக்க முடியும். 2014ஆம் ஆண்டளவில் வாங்கிய கணிப்பொறிகள் பெரும்பாலும் டி.டி.ஆர். 3 வகை ராம் கொண்டவை, அதில் டி.டி.ஆர். 4 பொருந்தாது, வெட்டுப்பள்ளமே வேறிடத்தில் இருக்கும். எனவே பழைய துண்டைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். சில வேளைகளில் ராமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே இறந்ததாகக் கருதப்பட்ட கணிப்பொறி உயிர் பெறுவதுண்டு. தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால் அது மதர்போர்டிலுள்ள காசு போன்ற சிறு பேட்டரியின் குறை. அதன் பெயர் சி.ஆர். 2032, 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் தடிமன் என்பதையே அவ்வெண் குறிக்கிறது. மின்சாரப் பெட்டியாகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நாம் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். அது கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

இனி, எங்கள் இல்லத்து நிலையைக் கூறுகிறேன். ஏனெனில் கணக்கு என்பது ஒரு வீட்டை வைத்துப் போட்டால்தான் விளங்கும். 2014இல் வாங்கிய கணிப்பொறியில் எங்கள் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளை எழுதி வருகிறார். பதினாறு பெண்களின் சேமிப்பும் கடனும் அதில் அடக்கம். 2025 மே மாதத்தில் அது துவங்குவதற்கே ஏழு நிமிடம் எடுத்தது. தேதி தானாகப் பின்னோக்கிப் போனது. பிற்பகலில் இருபது நிமிடம் ஓடியதும் நின்று போனது. கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறவாமலேயே, “மதர்போர்டு போய்விட்டது, புதிதுதான் வழி” என்று கூறி 38,000 ரூபாய்க்கு ஒரு விலைச்சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஜூன் மாதம் அக்காவிற்கு முதலாண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தவணையில் வாங்கிவிடலாம் என்றார் அப்பா. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடுதியில் சேருவது பற்றிய பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்களிடம் இதனைக் கூறியபோது, “முதலில் அறிகுறிகளை எழுது, காரணத்தைப் பிறகு தேடு, விலையைக் கடைசியில் கேள்” என்றார்கள். எழுதிப் பார்த்தபோதே ஒன்று தெளிவாயிற்று. மதர்போர்டு உண்மையிலேயே போயிருந்தால் கணிப்பொறி இருபது நிமிடம் எப்படி ஓடும்? மே மாதப் பிற்பகலில் மட்டும் நிற்பதென்றால் வெப்பமே காரணமாதல் வேண்டும். செயலியின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்சென்றால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். தூசி அடைத்த காற்றாடியும், செயலிக்கும் அதன் உலோகத் தகட்டுக்கும் இடையே காய்ந்துபோன பசையும் இதற்குப் போதுமானவை.

அப்பாவின் நண்பரான மெக்கானிக் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வீட்டிற்கு வந்தார். அவர் முதலில் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை; அம்மாவின் கணக்குகளை இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்தார். அதன் பின்னரே தூசி தட்டி, வெப்பப் பசை தடவி, பேட்டரி மாற்றினார். செலவு சில நூறு ரூபாய்தான். அன்றே பிற்பகலில் நிற்பது நின்றது. அடுத்த வாரம் எஸ்.எஸ்.டி.யும் 4 ஜி.பி. ராமும் போட்டதில் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆயிற்று. ஏழு நிமிடம் எடுத்தது இப்போது அரை நிமிடத்தில் துவங்குகிறது. மலிவானதை முதலில் செய்து, பயனைப் பார்த்து, அதன் பின் அடுத்ததற்குப் போக வேண்டும் என்ற அவர் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. (2025ஆம் ஆண்டின் இறுதியில் ராமின் விலை வெகுவாக ஏறிவிட்டதால், எங்கள் தொகையை அப்படியே நம்பிக் கடைக்குப் போக வேண்டாம்.)

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். 38,000 ரூபாய்ப் புதுக் கணிப்பொறி ஏழாண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,430 ரூபாய். 4,200 ரூபாய்ப் பழுதுபார்ப்பு இரண்டாண்டு தந்தால் ஆண்டுக்கு 2,100. ஓராண்டுதான் தந்தது என்றாலும் 4,200, அப்போதும் நட்டமில்லை. ஆனால் மதர்போர்டையே மாற்ற 9,000 ரூபாய் கேட்டு, அதுவும் ஓராண்டே உழைக்கும் எனில், அது வீண். எத்தனை ரூபாய் என்பதைப் போலவே எத்தனை ஆண்டு என்பதும் முக்கியம். பலர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று சிறு சிறு தொகையாகக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் பார்ப்பதேயில்லை. நாங்கள் கணிப்பொறிக்கென்றே நாட்குறிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

புதிது வாங்குவதே தக்கது என்ற நிலையும் உண்டு. எங்கள் அத்தையின் மடிக்கணினி ஒன்பது ஆண்டுகள் பழையது. அதன் கீல் உடைந்திருந்தது, பேட்டரி உப்பி, விசைப்பலகைக்குக் கீழே விரல் வைத்து நகர்த்தும் பகுதியை மேலே தூக்கியிருந்தது, போர்டும் பழுது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது, உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அத்தை புதிது வாங்கியதில் எவ்விதத் தவறும் இல்லை. அவர் இன்னும் ஓராண்டு முன்னமேயே வாங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் வகை மூப்பு இன்னும் மீதியிருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்பை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை, அதாவது 2017க்குப் பின் வந்தது, இருத்தல் வேண்டும். எங்களுடையது 4ஆம் தலைமுறை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒரு தேதியினால் முதியதாகிவிட்டது! பாதுகாப்பு இல்லாத கணிப்பொறியில் வங்கி வேலை செய்வது கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

இதற்கு விடையாக லினக்ஸ் இருக்கிறது. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் துவக்கியது, விலையின்றிக் கிடைப்பது, பழைய இயந்திரத்திலும் ஓடுவது. 2011 முதல் நம் மாநில அரசு மாணவ மாணவியருக்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்றும் எத்தனையோ வீடுகளின் பரணில் உறங்குகின்றன. பேட்டரி உப்பாமல் இருந்தால் எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் கொண்டு அவற்றுள் சிலவற்றையாவது எழுப்பிவிடலாம். ஆயினும் எல்லாருக்கும் இது பொருந்தும் எனக் கூற மாட்டேன். டாலி மென்பொருளில் கடைக்கணக்கு எழுதுவோருக்கு விண்டோஸ் வேண்டும். அவர்கள் கணக்கு வேறு.

எங்களுக்கும் ஓர் இடையூறு வந்தது. அம்மாவின் பழைய கணக்குகளில் பெயர்கள் யாவும் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். லினக்ஸில் திறந்தபோது பதினாறு பெண்களில் ஒருவர் பெயரையும் அடையாளம் காண முடியவில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நல்லவேளையாக அந்த எழுத்துருக் கோப்பையும் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து நிறுவியதும் பெயர்கள் திரும்பின. பின்னர் அக்காவும் நானும் அவற்றை யூனிகோடில் திரும்பத் தட்டச்சு செய்தோம். புதிது வாங்குவோரும் இதனை மறத்தலாகாது. பழைய தமிழ்க் கோப்புகள் உள்ளவர்கள் எழுத்துருவையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பொருள்களை விரைந்து தூக்கி எறியும் பழக்கத்தைக் கண்டித்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 620 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடுதான் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. மீதியில் பெரும்பகுதி எங்கே போகிறது? செம்புக்காகக் கம்பிகளைத் தெருவோரத்தில் எரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உற்பத்தியாளர்கள் தம் பொருள்களின் கழிவு முறையாக மறுசுழற்சி செய்யப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எனவே எடைக்குப் போடுமுன், பதிவுபெற்ற சேகரிப்பு மையம் அருகில் உண்டா என விசாரிப்பது நன்று. உதவாததைப் பரணில் பத்தாண்டு பூட்டி வைப்பதும் சிக்கனமன்று.

கழற்றிய ஹார்டு டிஸ்க் இப்போது செய்தித்தாளில் சுற்றப்பட்டு அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அழித்த கோப்புகளையும் தக்க மென்பொருளால் மீட்க முடியும் என்பதால், பதினாறு பேருடைய கடன் விவரம் அதில் இருக்கும்வரை வெளியே கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் வெற்றுத் தகவலால் நிரப்பி அழிக்கச் சில மணி நேரம் ஆகுமாம். என் பொதுத் தேர்வு முடிந்ததும் அதனைச் செய்வதாக இருக்கிறோம்.