கட்டிலைச் சுமக்க நாலு பேர்



2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. அவர்களை அங்கே விட்டுச்சென்ற பெற்றோர் பலரும் கல்நெஞ்சர் அல்ல. வேறு வழி அறியாதவர்கள். வழி சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, நோயைப் பற்றிக் கற்றுக்கொள்வது அங்கே முறை. ஆனால் வீடு திரும்பிய பிறகு அவர்கள் வாழ்வது நம் நடுவில் அல்லவா? ஆகவே நாமும் கற்க வேண்டும். திமிர்வாதக்காரனின் கட்டிலைச் சுமந்து வந்த நால்வரை நினைத்து, நான்கு பாடங்களைப் பார்ப்போம்.

1. கவனியுங்கள். தூக்கமின்மை, பேச்சுக் குறைதல், குளிக்க மறுத்தல், வீண் சந்தேகம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது கொழுப்போ சோம்பலோ அல்ல, நோயாக இருக்கலாம்.

2. கேளுங்கள். புத்திமதி பிறகு. "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி இன்னொரு குடும்பத்தையும் துன்பத்தில் தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று அன்போடு நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. உண்டு என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள்.

3. அழைத்துச் செல்லுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கிறது. சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

4. கூடவே இருங்கள். ஜெபியுங்கள், ஆனால் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குணமடைந்தவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் கூடினாலும், நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் கூடினாலும், அடுத்த ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்.

சிந்திக்க: நம் தெருவில் கதவு சாத்தியே இருக்கும் வீடு எது? கடைசியாக அங்கே யார் போனது?